அடைமழைச் செய்தியும் அக்னி வெயில் செய்தியும்

சமூக வலைத்தளங்களால் விளையும் நன்மை தீமை என்றதும் பள்ளிக்கூடத்துக் கட்டுரை ஏடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். முன்னுரைக்குக் கீழே நன்மைகள், அதற்குக் கீழே தீமைகள். இரண்டும் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை போல அந்த ஏட்டில் தனித்தனியே கிடக்கும். நடந்த நிகழ்வுகளை எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே உள்ள உறவு நாம் எண்ணுவதைவிட நெருக்கமானது என்று தெரிகிறது. அப்படி இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கைப்பேசிகளில் ஓடிய உதவிச் செய்தி. மற்றது, 2018 மே மாதம் அக்னி நட்சத்திர நாட்களில் வட தமிழக மாவட்டங்களில் ஓடிய குழந்தை கடத்தல் செய்தி. இடையில் இரண்டரை ஆண்டுகூட இல்லை. முன்னது உயிர்களைக் காத்தது, பின்னது உயிர்களைப் பறித்தது. அதில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. ஒரே வகைக் கருவியும் ஒரே வகை மனிதர்களும் இந்த இரண்டு முனைகளுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதே ஆராய வேண்டியது.

முதலில் அனுப்பியவர்களைப் பார்ப்போம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்ட அந்த இரவில், முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் மொட்டை மாடிக்கு ஏறியவர்களில் பலருக்குத் தாங்களே எழுத வழியில்லை. மின்சாரம் போயிருந்தது, கைப்பேசியில் சார்ஜ் இல்லை, டவர்கள் வேலை செய்யவில்லை. அவர்களுக்காக எழுதியவர்கள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்த மகன்களும் மகள்களும். அப்பாவின் எண்ணுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வேறு வழி தெரியாமல் முகநூலிலும் ட்விட்டரிலும் முகவரியைப் போட்டார்கள். 2018இல் அனுப்பியவர்கள் பெற்றோர்கள். பள்ளி விடுமுறை, பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில் விளையாடும் மாதம். வடக்கிலிருந்து ஒரு கும்பல் இறங்கியிருக்கிறது, குழந்தைகளைத் தூக்கிப் போகிறது என்ற குரல்பதிவு வந்ததும் தங்கை வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் தெருக் குரூப்புக்கும் அனுப்பினார்கள். அங்கே பெற்றோரை நினைத்துத் தவித்த பிள்ளைகள், இங்கே பிள்ளைகளை நினைத்துப் பதறிய பெற்றோர்கள். இரண்டு செய்திகளையும் தள்ளிக்கொண்டு போன விசை பாசம்தான். வதந்தி பரப்பியவர்களை விஷமிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. முதலில் பொய்யைத் தயாரித்தவர் விஷமியாக இருக்கலாம். அதை ஆயிரக்கணக்கில் பெருக்கியவர்கள் தம் பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருந்த சாதாரண மனிதர்கள்.

இரண்டிலும் கடைசி வரி ஒன்றே: ‘தயவுசெய்து அதிகம் பகிரவும்.’

கடைசி வரிக்கு முன்னால் இருந்தவை வேறு வேறு. 2015இல் தன்னார்வலர்கள் கூகுள் ஷீட்டில் தொகுத்த பட்டியல்களின் அமைப்பை நினைவில் கொண்டுவாருங்கள். பெயர், தெரு, அடையாளம் சொல்லக்கூடிய கடையோ கோவிலோ, எத்தனை பேர், எந்த மாடி, முதியவர் உண்டா, கைக்குழந்தை உண்டா, என்ன மருந்து தேவை, தொடர்பு எண். அந்தக் கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தாலும் படகு போய்ச் சேராது. ஆகவே பட்டியலைப் பார்த்தவர் கேள்வி கேட்டே ஆக வேண்டும், போன் போட்டே ஆக வேண்டும். கடத்தல் செய்தியிலோ எந்த ஊர், எந்த நாள், யார் வீட்டுக் குழந்தை என்ற மூன்றில் ஒன்றும் இருக்காது. ‘நம்ம ஏரியா’ என்றிருக்கும். அது குடியாத்தத்தில் படித்தால் குடியாத்தம், போளூரில் படித்தால் போளூர். முகவரி இல்லாத குறையே அதற்குப் பலமாயிற்று. எங்கும் பொருந்தியதால் எங்கும் போயிற்று. உதவிச் செய்தியைச் சரிபார்க்க ஒரு தொலைபேசி எண் இருந்தது. கடத்தல் செய்தியைச் சரிபார்க்கப் பிடிப்பதற்கு ஒரு நுனிகூட இல்லை.

இரண்டிலும் மையமாக ஒரு அந்நியர் இருந்தார். வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் மீன்பிடிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்த முன்பின் தெரியாத மீனவரிடம் அம்மாவைத் தூக்கிக் கொடுத்தார்கள். மசூதிகளும் கல்யாண மண்டபங்களும் தனி வீடுகளும் கதவைத் திறந்தன. எங்கள் வீட்டில் இத்தனை பேர் தங்கலாம் என்று தங்கள் முகவரியைப் பொதுவெளியில் போட்டார்கள் சென்னைவாசிகள். பெயர் தெரியாதவர் நீட்டிய உணவுப் பொட்டலத்தை யாரும் சந்தேகப்படவில்லை. 2018 மே 9 அன்று, போளூர் அருகே அத்திமூர்ப் பகுதியில், கோவிலுக்குப் போகக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. காரில் இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தையைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுப்பது நம் ஊர்ப் பாட்டிமார் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அந்தச் சாக்லேட்டைத்தான் கூட்டம் சான்றாக எடுத்துக்கொண்டது. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார், உடன் வந்த உறவினர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். நீட்டிய கைகள் இரண்டு. ஒன்றைப் பற்றச் சொன்னது ஒரு செய்தி, மற்றொன்றை முறிக்கச் சொன்னது இன்னொரு செய்தி.

இதுவரை சொன்னதில் ஒற்றுமையைவிட வேற்றுமையே மிகுதி என்று வாசகர் எண்ணலாம். நான் எதிர்பாராமல் கண்ட ஒற்றுமை, இரண்டு செய்திகளுக்கும் முடிவு தொலைந்துபோனதில் இருக்கிறது.

குழந்தை கடத்தல் வதந்தியோடு நாடெங்கும் சுற்றிய காணொளி ஒன்று உண்டு. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு பிள்ளையை அள்ளிக்கொண்டு பறக்கிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு பதறும், காணொளி அங்கேயே நின்றுவிடும். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக இயங்கும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த மோட்டார் சைக்கிள் திரும்பி வரும். பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். குழந்தையைப் பறிக்க ஒரு கணம் போதும், கவனமாக இருங்கள் என்ற பொருளில் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில விநாடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். மீதி முழுவதும் அப்படியே இருந்தது. வெட்டப்பட்ட துண்டில்தான் குழந்தை வீடு திரும்பியது.

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். குரோம்பேட்டையில் ஒரு தெருவில் நிறைமாதக் கர்ப்பிணி மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது போன்ற ஒரு செய்தி காலையில் புறப்படும். மதியத்துக்குள் படகு போய் அவரை மீட்டுவிடும். செய்தி நிற்காது. மாலையிலும் மறுநாளும் புதிது போலவே சுற்றும், புதிய கைகள் அதைப் பகிரும். தண்ணீரைக் கடந்து அந்தத் தெருவுக்கு இரண்டாவது படகு போகும், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் இன்னொரு தெருவில் வேறு யாரோ காத்திருப்பார்கள். ஒருங்கிணைப்பில் இருந்தவர்கள், உதவி கேட்பதில் பாதி நேரமும், இது பழைய செய்தி, இவர் மீட்கப்பட்டுவிட்டார், பகிர்வதை நிறுத்துங்கள் என்று கெஞ்சுவதில் மீதி நேரமும் செலவிட்டார்கள். கராச்சிப் படத்தில் முடிவை ஒருவர் வேண்டுமென்றே வெட்டினார். சென்னைச் செய்தியில் யாரும் வெட்டவில்லை, முடிவு தானாகவே பின்தங்கிவிட்டது. ஆபத்து ஓடும் வேகத்தில் அது நீங்கிய சேதி ஓடுவதில்லை. பதற்றத்துக்கு இருக்கும் ஆயிரம் கைகள் நிம்மதிக்கு வாய்ப்பதில்லை. குழந்தை திரும்பி வந்ததும் கர்ப்பிணி கரை சேர்ந்ததும், உரியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அனுப்பத் தகுந்த செய்தியாகத் தோன்றவில்லை. நன்மையையும் தீமையையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் துணிவது இந்த இடத்தில்தான்.

இந்த உறவு தெரிந்தபின், நல்ல நிகழ்வுக்குள் இருந்த தீங்குகள் கண்ணுக்குத் தட்டுப்படத் தொடங்குகின்றன. அதே வெள்ள நாட்களில், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு புரளி ஓடியது. பண்ணை நிர்வாகம் அதை மறுத்தது. சென்னையில் இனி 250 செ.மீ. மழை பெய்யும் என்று நாசா எச்சரித்ததாக இன்னொன்று. அதற்கு முந்திய ஒரு நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததைக் கண்ணால் பார்த்திருந்த மக்கள் அதையும் நம்பினார்கள். நம்பாமல் இருக்கச் சொன்னது வானிலை ஆய்வு மையம். கூடவே ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் முகநூல் பக்கம். புரளி ஓடிய அதே தெருவில் மறுப்பும் நின்றுகொண்டிருந்தது. டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ், 1878இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போக முடியவில்லை. செய்தித்தாள் வராத காலையில் மக்களுக்கு மிஞ்சியது கைப்பேசிதான். மெய்யையும் பொய்யையும் அதுவே கொண்டுவந்தது.

இன்னொரு குறையை நான் இதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். உதவி கேட்கத் தெரிந்தவர்களுக்கு உதவி முதலில் போயிற்று. அமெரிக்காவில் மகன் இருக்கும் வேளச்சேரி வீட்டுக்காக ட்விட்டரில் ஐந்நூறு பேர் எழுதினார்கள். அடையாற்றங்கரைக் குடிசைக்காக எழுத யார் இருந்தார்கள்? கடலூர் மாவட்டம் நவம்பர் இரண்டாவது வாரத்திலேயே நொறுங்கிப் போயிருந்தது. சென்னை மூழ்கும் வரை அதைப் பற்றிய பேச்சு மாவட்ட எல்லையைத் தாண்டியது குறைவு. நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் ஒருங்கிணைத்த குழுக்கள் உட்படப் பலர் பிறகு கடலூருக்கும் போனார்கள், அது பெருமைக்குரியது. ஆனாலும் வலைத்தளத்தின் கருணை, கைப்பேசி சிக்னல் இருக்கும் பக்கமாகவே சாய்ந்திருந்தது. தண்ணீர் வடிந்தபின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டபோது, வெள்ளத்தின்போது எழுந்த குரலில் சிறு பங்குகூட எழவில்லை.

கெட்ட நிகழ்வுக்குள் நல்லது எதுவும் இருந்ததா என்று அதே நேர்மையோடு கேட்க வேண்டும். இருந்தது, மிகக் கொஞ்சம். காவல்துறை அதே வாட்ஸ்அப்பில் மறுப்புகளை அனுப்பியது. அவை போய்ச் சேர்ந்த ஊர்களில் நடக்காமல் போன கொலைகளைக் கணக்கிட வழியில்லை. ஆனால் மறுப்பு எவ்வளவு வலுவற்றதாக இருக்க முடியும் என்பதற்குத் திரிபுராவில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 ஜூன் 28 அன்று, வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க மாநில அரசு அமர்த்திய ஓர் இளைஞரையே சப்ரூம் பகுதியில் குழந்தை கடத்துபவர் என்று அடித்துக் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், ஊர் ஊராகப் போய் யாசித்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டார்கள். பலியானவர்களில் பெரும்பாலோர் வழிப்போக்கர்கள், மொழி தெரியாதவர்கள், மனநலம் குன்றியவர்கள், நாடோடிகள். அவர்களுக்காக அந்தக் குரூப்பில் பேச ஒருவரும் இல்லை. வெள்ளத்தில் குரலற்றவர்கள் உதவியில்லாமல் விடப்பட்டார்கள். வதந்தியில் குரலற்றவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அளவு வேறு, ஏற்றத்தாழ்வின் திசை ஒன்றே.

கருவியின் வேறுபாட்டையும் எடைபோட வேண்டும். 2015இன் பெரும்பகுதி திறந்த வெளியில் நடந்தது. ட்விட்டரில் ஒரு தவறான எண்ணைப் போட்டால் அதன் கீழேயே ஒருவர் திருத்துவார், அடுத்து வருபவர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார். வாட்ஸ்அப் குரூப்பில் திருத்தம் தனியாகப் புறப்பட்டாக வேண்டும். பொய் போன வழிகள் அதற்குத் தெரியாது. 2016 ஏப்ரல் முதல் அங்கே செய்திகள் முழுவதும் மறையாக்கம் செய்யப்படுகின்றன. நம் அந்தரங்கத்துக்கு அது காவல், வதந்தியின் மூலத்துக்கும் அது காவல். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் நகரத்துப் படித்தவர்களின் கையிலிருந்து கிராமத்துத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. நெடுங்காலம் தாமதப்பட்ட நீதி அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்தார் பத்தாண்டுகளில் சிறுகச் சிறுகப் பழகிய ஒன்று, கிராமத்தாருக்கு ஓரிரு ஆண்டுகளில் மொத்தமாகக் காணொளியாக வந்து இறங்கியது. கண்ணால் கண்டது பொய்யாக இருக்கக்கூடும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. படிக்காதவர்கள்தான் ஏமாந்தார்கள் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. நாசா பெயரில் வந்த புரளியை அனுப்பியவர்களில் பொறியாளர்கள் ஏராளம்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது, ‘ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்ற முத்திரையும் வந்தது. ஐந்து என்ற எண் இங்கே புதிதல்ல. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தியால் பெங்களூரிலும் புணேயிலும் சென்னையிலும் இருந்து அவர்கள் ரயிலேறி ஊர் திரும்பியபோது, மத்திய அரசு ஒரு நாளைக்கு ஐந்து எஸ்.எம்.எஸ். என்று கட்டுப்பாடு விதித்தது. ஸ்மார்ட்போன் பரவாத காலத்திலும் வதந்தி இருந்தது, அதற்கு அணையும் அதே உயரத்தில் கட்டப்பட்டது. இந்த அணை 2015இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கர்ப்பிணியின் முகவரியும் ஐந்தைந்தாகவே நகர்ந்திருக்கும். வேகத்தைக் குறைத்தால் இரண்டு செய்திகளும்தான் மெதுவாகும். எது உயிர் காப்பது, எது உயிர் எடுப்பது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு சரி என்றே நினைக்கிறேன். முகவரியும் எண்ணும் உள்ள செய்தி ஐந்து பேரிடம் போனாலும் அவர்களில் ஒருவர் போன் போட்டுப் பார்க்க முடியும். முகவரியற்ற செய்திக்கு ஆயிரம் பேர் தேவை, ஏனென்றால் அதன் வேலையே கூட்டம் சேர்ப்பது.

முடிவையும் செய்தியோடு சேர்த்து அனுப்பும் வழியை மென்பொருள் நிறுவனங்கள் இன்னும் தரவில்லை. 2023 மே மாதம் வாட்ஸ்அப் திருத்தும் வசதியைத் தந்தது, அதுவும் அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள். ஏற்கெனவே பிறர் ஃபார்வர்டு செய்துவிட்ட பிரதிகளை அது தொடாது. ஆனால் அதற்கு முன்பே மக்கள் தாமாக ஒரு வழி கண்டிருந்தார்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஊரே அலைந்தபோது, ட்விட்டரில் ஓடிய பட்டியல்களை 2015இன் பட்டியல்களோடு ஒப்பிட்டால் ஒரு வளர்ச்சி தெரியும். எண்ணுக்கு அருகில் சரிபார்த்த நேரம் எழுதப்பட்டிருந்தது: மாலை நாலரைக்குப் பேசினோம், இருக்கிறது. காலை பத்துக்குப் பேசினோம், தீர்ந்துவிட்டது. சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கிய அரசின் கட்டளை மையமும் ட்விட்டரில் வந்த கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு, இடம் கிடைத்ததும் அங்கேயே பதில் எழுதியது. படுக்கை கிடைத்தவர்களின் குடும்பத்தார் தங்கள் பழைய பதிவைத் தேடிப் போய், கிடைத்துவிட்டது, இனி இதைப் பகிர வேண்டாம் என்று சேர்த்தார்கள். கிடைக்காமலே இழந்தவர்களில் சிலரும் அந்தத் துயரத்துக்கு நடுவில் பதிவுக்குத் திரும்பி வந்து, இனித் தேவையில்லை என்று எழுதினார்கள். அவர்கள் எழுதியதால் அடுத்த ஆம்புலன்ஸ் வேறு வீட்டுக்குப் போனது.